சொல்வழி கேளாத பிள்ளையா, சொல் பிடிபடாத பிள்ளையா? செவிப்பயிற்சி பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில் யாராவது ஒரு அம்மா பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் தொடங்குவார்: “ரீச்சர், இவனுக்குக் காது கேக்குது, ஆனா…” அந்த “ஆனா”வுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் ஒரே கதைதான்: காது கேட்டும் சொன்னது பிடிபடாத கதை. என் மகனோடும் அதே கதையை நான் நடந்து கடந்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. வைத்தியர்களிடமும் பேச்சு சிகிச்சையாளர்களிடமும் கேட்டதையும், படித்ததையும், வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில காது நல்லாக் கேக்குது எண்டு சொல்லிப்போட்டினம். பிறகேன் எதுக்கெடுத்தாலும் “என்ன? என்ன?” எண்டு கேக்கிறான்?

காதுப் பரிசோதனையில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சத்தம் புகாத அறை, காதில் ஹெட்போன், ஒவ்வொன்றாக வரும் “பீப்” ஒலி. 250 ஹேர்ட்ஸிலிருந்து 8,000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை காது பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். 20 டெசிபெலுக்குள் பிடித்தால் காது நல்லது என்பார்கள். அது சரிதான், அந்தப் பரிசோதனை மிகவும் அவசியமும்கூட.

ஆனால் பேச்சு என்பது தனித்தனி “பீப்” ஒலிகள் அல்ல. ஒரு வினாடிக்குள் பல ஒலிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். மின்விசிறி சுற்றும், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், அதற்குள்ளிருந்து ரீச்சரின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, ஒலியைச் சொல்லாக்கி, சொல்லை மறக்காமல் வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். இந்த வேலை நடப்பது மூளையில். அது மெதுவாகவோ தடுமாறியோ நடந்தால், காது நல்லாயிருந்தும் பிள்ளை “என்ன?” என்றுதான் கேட்கும். இதைச் செவிவழிச் செயலாக்கச் சிக்கல் என்கிறார்கள். இதற்கென்று செய்விக்கும் கேட்டல் பயிற்சிகளைத்தான் செவிப்பயிற்சி என்கிறோம்.

இவன் வேணுமெண்டே கேக்காத மாதிரி நிக்கிறான் எண்டுதான் அப்பா சொல்லுறார். சொல்வழி கேளாத குணம்தானே இது?

நம் பேச்சில் “கேள்” என்ற சொல்லே காதால் கேட்பதையும் சொன்னபடி நடப்பதையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால்தான் விளங்காத பிள்ளைக்கும் கீழ்ப்படியாத பிள்ளைக்கும் ஒரே பெயர் கிடைக்கிறது, ஒரே அடியும் கிடைக்கிறது. நானும் ஒரு மாணவனை அப்படி ஏசியிருக்கிறேன். “கொப்பியை மூடி வைச்சிட்டு, பச்சைப் புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைத் திற” என்றேன். அவன் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான். திமிர் என்று நினைத்தேன். முதல் வசனம் மட்டும்தான் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளைக்கு ஆசையான விஷயத்தையே சத்தத்துக்கு நடுவில், முகம் காட்டாமல், இரண்டு மூன்று படியாகச் சொல்லுங்கள். “குசினி அலுமாரியில, இரண்டாவது தட்டில, சிவப்புப் பேணிக்குள்ள ரொபி இருக்கு.” ரொபிக்கே தவறான தட்டைத் தேடுகிறான் என்றால், அது குணம் அல்ல.

அப்ப இது கவனக் குறைவா, இல்லாட்டி வேற ஏதுமா? என்னெண்டு பிரிச்சு அறியிறது?

இரண்டும் வெளியில் ஒரே மாதிரித் தெரியும், பல பிள்ளைகளிடம் சேர்ந்தும் இருக்கும். ஒரு பருமட்டான அடையாளம் சொல்கிறேன். கவனச் சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சத்தமில்லாத வேலையிலும் மனம் நிற்காது. படம் ஒட்டும்போதும் கணக்குச் செய்யும்போதும் எழும்பி ஓடும். கேட்டு விளங்குவதில் மட்டும் சிக்கல் உள்ள பிள்ளை, அதே அறிவுறுத்தலை எழுதிக் கொடுத்தால் அமைதியாகச் செய்து முடிக்கும். காலையில் தெளிவாக இருந்து, பின்னேர ரியூசனில் தலையிடி என்று படுத்துவிடும். நாள் முழுக்க ஊகித்து ஊகித்துக் கேட்பது அவ்வளவு களைப்பான வேலை.

மூன்றாவதாக மொழி வளர்ச்சித் தாமதமும் இருக்கலாம்: அமைதியான அறையில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டும் வசனத்தின் பொருள் விளங்காத நிலை. இதை வீட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்க கொண்டுபோய்க் காட்டுறது? கொழும்புக்குத்தான் போக வேணுமே?

முதல் படிக்குக் கொழும்பு வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் தொடங்குங்கள். மேலே சொன்ன பரிசோதனையோடு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதா என்று அழுத்தம் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள். தடிமன் அடிக்கடி வரும் சின்னப் பிள்ளைகளில் இந்த நீர் வந்து வந்து போகும். ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் மந்தமாகும். பரிசோதனை நாளில் காது தெளிவாக இருந்தால் எல்லாம் சரி என்றே வரும். காதில் நீர் அடிக்கடி நின்ற பிள்ளைகளுக்கு, பின்னாளில் சத்தத்துக்குள் பேச்சைப் பிரித்தெடுப்பது கடினமாக இருக்கக்கூடும் என்பதால் பழைய காது வருத்தங்களையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். நம் நாட்டில் இவர்களில் பலர் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் படித்து வருகிறார்கள். தமிழில் பிள்ளையோடு கதைத்து மதிப்பிடக்கூடியவர்கள் குறைவு. காத்திருந்தாலும் தமிழ் தெரிந்தவரிடமே காட்டுங்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்த செவிச் செயலாக்கப் பரிசோதனையில் நம் பிள்ளை தோற்றால், அதற்குக் காரணம் ஆங்கிலமா காதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழு வயதுக்கு முன் இந்தப் பரிசோதனைகளை நம்பிப் பெயர் சூட்டுவதையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் பெறுபேறு நாளுக்கு நாள் மாறும். ஆனால் உதவி செய்ய ஏழு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அம்மம்மா நல்லெண்ணெய் காய்ச்சிக் காதுக்குள்ள விடச் சொல்லுறா. விடலாமே?

விட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்க் கிருமியோடு சேரும். இந்தச் சிக்கலுக்கும் காது அழுக்குக்கும் சம்பந்தமும் இல்லை.

செவிப்பயிற்சி, செவிப்பயிற்சி எண்டுறியள். அங்க உண்மையில என்ன செய்வினம்?

இந்தப் பெயருக்குள் பல விதமானவை இருக்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வகை, பிள்ளை உழைக்க வேண்டிய பயிற்சி. நெருங்கிய ஒலிகளைப் பிரித்தறிவது, சத்தத்துக்குள் சொல்லைப் பிடிப்பது, இரண்டு மூன்று அறிவுறுத்தல்களை நினைவில் வைத்துச் செய்வது போன்றவை. இரு காதிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு சொல் கேட்க வைத்து, பலவீனமான பக்கத்துக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்துப் பின் படிப்படியாகச் சமப்படுத்தும் பயிற்சியும் உண்டு. இரு காதுக்கும் வேறு சொல் கொடுக்கும் சோதனை பழையது. 1961இல் கனடாவில் டோரீன் கிமுரா, பெரும்பாலானோருக்கு வலது காதால் வரும் சொல் முன்னே நிற்கிறது என்று காட்டினார். மொழியைக் கையாளும் இடது மூளையோடு வலது காதுக்கு நெருக்கம் அதிகம்.

இன்னொரு வகை, பிள்ளை சும்மா இருந்து மாற்றியமைத்த இசையைக் கேட்பது. காசு கூடப் போவது இதில்தான், அடுத்த கேள்வியும் இதைப் பற்றித்தான்.

கனடாவில இருக்கிற சித்தி சொல்லுறா, அங்க பத்து நாள் ஹெட்போனில பாட்டுக் கேக்க வைச்சு ஒரு பிள்ளை சுகமாம். காசு அனுப்புறன் எண்டுறா. செய்விப்பமோ?

சித்தியின் அன்புக்கு மதிப்புக் கொடுங்கள். ஆனால் காசு அனுப்ப முன் இதைப் படிக்கக் கொடுங்கள். பிரான்ஸில் அல்பிரெட் தொமாத்திஸ் என்ற காது வைத்தியர் 1950களில் இசையை வடிகட்டிக் கேட்க வைக்கும் முறையைத் தொடங்கினார். அதே நாட்டின் கீ பெரார் என்ற வைத்தியர் பிறகு தன் முறையை உருவாக்கினார்: நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம், பத்து நாள், மொத்தம் 20 அமர்வு. சித்தி சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில சுருதிகள் காதுக்கு அளவுக்கு மீறிக் கேட்பதால்தான் நடத்தைச் சிக்கல் வருகிறது, கலைத்துப் போட்ட இசையால் அதைச் சமப்படுத்தலாம் என்பது அவரது எண்ணம்.

பரிசோதித்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. 2004இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கம் இந்த முறை அறிவியல் தரத்தை எட்டவில்லை என்று அறிவித்தது. ஓட்டிசம் உள்ளவர்களில் செய்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கொக்ரேன் குழு 2011இல் தொகுத்துப் பார்த்தது. ஏழு ஆய்வுகள், மொத்தம் 182 பேர். பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை.

பத்து நாள் அம்மாவும் அப்பாவும் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் கவனித்து, கொஞ்சிப் பாராட்டினால் பிள்ளை கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு அந்த ஹெட்போன் வேண்டியதில்லை என்கிறேன். சித்தியின் காசு வந்தால், தமிழ் தெரிந்த பேச்சு சிகிச்சையாளரிடம் போய்வரும் செலவுக்கு வையுங்கள்.

கொம்பியூட்டர் கேம் மாதிரி ஒண்டு இருக்காமே, விளையாட விளையாட மொழி வளருமாம்?

பாஸ்ட் ஃபோர்வேர்ட் என்ற மென்பொருளைத்தான் அதிகம் சொல்கிறார்கள். போலா தலால், மைக்கேல் மெர்செனிக் ஆகியோரின் 1996 ஆய்வுகளிலிருந்து பிறந்தது. வேகமாக மாறும் ஒலிகளை இழுத்து மெதுவாக்கிக் கொடுத்து, பிள்ளை தேறத் தேற வேகம் கூட்டுவது அதன் உத்தி. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது.

2008இல் அமெரிக்காவில் 216 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த மென்பொருள், ஒன்றுக்கு வேறு மொழி மென்பொருள், ஒன்றுக்குச் சிகிச்சையாளரோடு நேரடிப் பயிற்சி, ஒன்றுக்கு மொழியோடு தொடர்பில்லாத பாடவிளையாட்டு. நாளுக்கு 1 மணி 40 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். நான்கு குழுவும் முன்னேறின, ஏறத்தாழ ஒரே அளவில். ஆக, அந்த விசேட ஒலிமாற்றம் தனியாக எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. இன்னொன்று: அது ஆங்கில ஒலிகளுக்கானது. “படம்”, “பட்டம்” வித்தியாசத்தை அது நம் பிள்ளைக்குப் பழக்காது.

சிட்னியில் உருவான ஒரு பயிற்சிக்குக் கொஞ்சம் நல்ல பெறுபேறு உண்டு. முன்னாலிருந்து பேச்சு, பக்கங்களிலிருந்து இரைச்சல் என்று வைத்து, திசையைக் கொண்டு பிரித்தெடுக்கப் பழக்குவது அது. அந்தக் குறித்த குறைபாடு பரிசோதனையில் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் அது, அதுவும் ஆங்கிலத்தில்.

காசு செலவழிக்க ஏலாது. வீட்டில நாங்களே ஏதும் செய்யலாமே?

செய்யலாம். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும்; ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்துவிட்டு ஒரு வாரம் விடுவதில் பலன் இல்லை.

சோடிச் சொற்களில் தொடங்குங்கள். குடை – கூடை, பல் – பால், படம் – பட்டம், புலி – புளி. படம் கீறிய அட்டைகளை மேசையில் வைத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளை தொட்டுக் காட்டட்டும். தைமாதம் பட்டம் ஏற்றுகிற காலத்தில் “படமா பட்டமா” என்று விளையாடத் தொடங்கிய ஒரு பெடியன், அடுத்த வாரமே தானாகச் சோடிகளைத் தேடிக்கொண்டு வந்தான். குறில், நெடில் வித்தியாசம் பிடிபட்ட பிறகு கடினமானவற்றுக்குப் போங்கள். “பட்டு, பற்று, பத்து” மூன்றையும் நம் யாழ்ப்பாணப் பேச்சு நாக்கு படும் இடத்தை மட்டும் மாற்றி வேறுபடுத்துகிறது. பத்துத் தடவைக்கு எட்டுச் சரி வந்தால் அடுத்த சோடி. வராவிட்டால் முதல் சோடிக்குத் திரும்புங்கள், முகம் சுளிக்காமல்.

அமைதியில் சரி வந்ததும், குசினியிலிருந்து சொல்லுங்கள். பிறகு வானொலியை மெல்லிதாகப் போட்டுவிட்டு. பிறகு கொஞ்சம் கூட்டி. அறிவுறுத்தல்களையும் இதே போல ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று வளர்க்கலாம். கடைக்கு அனுப்பும்போது மூன்று சாமானை வாயால் சொல்லி, கண்ணை மூடி அவற்றைப் படமாகப் பார்க்கச் சொல்லுங்கள்: பருப்புக்கு மேல் தேங்காய், தேங்காய்க்கு மேல் சவர்க்காரம். சிரித்துக்கொண்டே போய் மூன்றையும் வாங்கி வரும்.

மிக முக்கியமான ஒன்று. “விளங்கினதா?” என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் “ஓம்” என்றுதான் சொல்லும். “நான் என்ன சொன்னனான், நீ சொல்லு பாப்பம்” என்று கேளுங்கள். எந்த இடத்தில் சங்கிலி அறுகிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.

இவன் சொல்வதெழுதலில “ழ” வாற இடமெல்லாம் “ள” எழுதுறான். இதுவும் அந்தச் சிக்கல்தானே?

அவசரப்படாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நாம் பேசும்போது ழகரத்தை ளகரமாகவே சொல்கிறோம். “வாளைப்பளம்” என்றுதான் வாயில் வருகிறது. நாம் வேறுபடுத்திச் சொல்லாத ஒலியைப் பிள்ளை வேறுபடுத்திக் கேட்க வேண்டும் என்றால் எப்படி? இது எழுத்துப் பழக்கம். “பட்டம்” என்று நீங்கள் தெளிவாகச் சொல்லியும் “படம்” என்று எழுதினால், அதுவும் திரும்பத் திரும்ப நடந்தால், அப்போது கவனியுங்கள்.

வகுப்பில 40 பிள்ளையள். ரீச்சர் இவனுக்கெண்டு என்ன செய்ய ஏலும்?

நிறையச் செய்யலாம், பெரும்பாலும் செலவில்லாமல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் இருக்கிற பிள்ளைக்கும் நான்கு மீற்றரில் இருக்கிற பிள்ளைக்கும் 12 டெசிபெல் வித்தியாசம். ரீச்சரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபெலாவது கூட இருக்க வேண்டும் என்கிறார்கள். அரைச்சுவர் வகுப்பில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, அந்த 15 எங்கிருந்து வரும்? அதனால் முன் வாங்கு, வாசலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி. முக்கியமானதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சொல்வது. திரும்பி நின்று எழுதிக்கொண்டே பேசாமல் இருப்பது. மழை பெய்தால் கேட்டல் வேலையை நிறுத்தி எழுத்து வேலை கொடுப்பது. இதைச் செய்யும் வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் நன்றாகக் கேட்கிறார்கள்.

ரியூசன் கொட்டில்கள் இன்னும் கடினம். ஒலிபெருக்கி போட்டால் நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிறோம். எதிரொலிக்கிற மண்டபத்தில் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது. இந்தப் பிள்ளைக்குப் பத்துப் பேர் இருக்கும் வகுப்பு, இருநூறு பேர் இருக்கும் பெயர்பெற்ற வகுப்பைவிட நல்லது.

ரீச்சர் மைக் போட்டுப் பிள்ளைக்கு மட்டும் கேக்கிற கருவி இருக்காமே?

இருக்கிறது. ரீச்சரின் சட்டையில் சின்ன மைக், பிள்ளையின் காதில் அந்தக் குரலைப் பெறும் சின்னக் கருவி. தூரம், சுற்றுச் சத்தம் என்று மேலே சொன்ன இரண்டு தடைகளையும் ஒரே அடியாகத் தாண்டுகிறது. ஹெட்போன் இசையைவிட இதில் எனக்கு எவ்வளவோ நம்பிக்கை. செவிப்புலன் நிபுணரின் ஆலோசனையோடுதான் போட வேண்டும். சாதாரணக் காது கேட்கும் கருவியை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல காதுக்கு அது சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அப்ப இவனைக் கைதடி நவீல்ட் பாடசாலையில சேர்க்க வேணுமே?

இல்லை. அது செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கான பாடசாலை. உங்கள் பிள்ளையின் காது கேட்கிறது. அவன் இருக்கிற வகுப்பைத்தான் மாற்றியமைக்க வேண்டும்.

இரண்டு மொழி குழப்புது, வீட்டில இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ எண்டு ஒராள் சொன்னார். தமிழை விடவோ?

வேண்டாம். இந்தச் சிக்கலை இரண்டாவது மொழி உண்டாக்குவதில்லை. அம்மா சரளமாகப் பேசும் மொழியில்தான் கதை, பாட்டு, கேலி, கோபம் எல்லாம் வருகின்றன. பிள்ளை பயிற்சி பெறுவது அவற்றில்தான். தடுமாறும் ஆங்கிலத்தில் பத்து வசனம் கேட்பதைவிடத் தமிழில் ஆயிரம் வசனம் கேட்பது மேல்.

மிருதங்கமோ வாய்ப்பாட்டோ பழக விட்டால் உதவுமே?

பிள்ளைக்கு ஆசை இருந்தால் விடுங்கள். தாளத்தைக் கையால் போட்டு, சொற்கட்டை வாயால் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் செய்வது நல்ல கேட்டல் வேலைதான். சிகிச்சைக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

இப்படியொரு வருத்தமே இல்லையெண்டு ஒரு டொக்டர் சொல்லிப்போட்டார். நீங்கள் இருக்கு எண்டுறியள்?

அந்த வைத்தியர் பிழையாகச் சொல்லவில்லை. நிபுணர்களுக்குள்ளேயே இந்த விவாதம் நடக்கிறது. 2010இல் இங்கிலாந்தில் 6 முதல் 11 வயது வரையான 1,469 பிள்ளைகளைச் சோதித்த பெரிய ஆய்வு, கேட்டல் சிரமம் உள்ள பல பிள்ளைகளில் காதின் நுட்பத்தைவிடக் கவனமும் நினைவுமே அதிகம் சம்பந்தப்பட்டிருப்பதைக் காட்டியது. ஆகவே “இது தனி வருத்தமா, கவனச் சிக்கலின் ஒரு முகமா?” என்பது இன்னும் பேசப்படுகிற கேள்வி.

ஆனால் பிள்ளையின் சிரமத்தை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. என்ன பெயர் வைத்தாலும் முன் வாங்கு முன் வாங்குதான், “நீ சொல்லு பாப்பம்” என்பதும் மாறாது. பெயருக்காக ஒரு வருடம் அலைந்து, அந்த வருடம் முழுக்க வீட்டில் ஒன்றும் செய்யாமல் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அதுதான் எனக்கு வேதனை.

பிள்ளை தன்னைத் தானே “நான் மொக்கு” எண்டு சொல்லுறான். என்ன சொல்லுறது?

உண்மையைச் சொல்லுங்கள், அவன் அளவுக்கு. “உன்ர காது நல்ல காது. சத்தத்துக்குள்ள சொல்லைப் பிடிக்க உன்ர மூளைக்குக் கொஞ்சம் கூட நேரம் வேணும்.” என் மகனுக்கு இதைச் சொன்ன இரவு அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே” என்றான். வெறும் “என்ன?” என்பதற்குப் பதிலாகக் கேட்க ஒரு வசனத்தையும் பழக்குங்கள்: “ரீச்சர், பக்க இலக்கம் கேட்டது, அதுக்குப் பிறகு சொன்னது கேக்கேல்லை.” அப்படிக் கேட்கும் பிள்ளையை யாரும் கவனமில்லாதவன் என்று சொல்வதில்லை.

புலமைப்பரிசிலுக்கும் ஓ.எல்.லுக்கும் ஏதும் சலுகை கேக்கலாமே?

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். அதிபர் ஊடாக, வைத்தியச் சான்றோடு. பரீட்சை மாதத்தில் ஓடித் திரியாமல் முந்திய வருடமே அதிபரிடம் பேசி வையுங்கள்.

பயிற்சியை எப்ப நிப்பாட்டுறது? பலன் வருதோ இல்லையோ எண்டு எப்படித் தெரியும்?

ஒரு கொப்பி வையுங்கள். தொடங்கும் நாளில் நிஜவாழ்க்கையில் நடக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: வகுப்பில் எத்தனை தடவை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறான், கடைச் சாமான் மூன்றில் எத்தனை வருகிறது, பின்னேரத் தலையிடி வாரத்தில் எத்தனை நாள். விளையாட்டில் பத்துக்கு எட்டுச் சரி வந்ததை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். எந்தப் பயிற்சியிலும் பழகிய வேலை தேறும், வெளியில் மாறுகிறதா என்பதுதான் கணக்கு.

மூன்று மாதம் கழித்து அந்த மூன்றும் அசையாவிட்டால், கொப்பியை எடுத்துக்கொண்டு சிகிச்சையாளரிடம் திரும்பிப் போங்கள். பயிற்சி பிழையாக இருக்கலாம், முதலில் நினைத்த காரணமே பிழையாக இருக்கலாம். அசைந்தால், நாளுக்குப் பத்து நிமிடம் என்பதை வாரத்துக்கு மூன்று நாளாக்குங்கள். காசு வாங்கிப் பயிற்சி கொடுக்கும் எவரிடமும் இதே மூன்று விஷயங்களை முதல் நாளே எழுதிக் காட்டி, “இதில் எது, எப்போது மாறும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் அங்கே காசு கட்டாதீர்கள்.